அரைஞாண் கயிறு

அன்புள்ள அத்தான்,

நீங்களும் நம் குழந்தை யாழினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கொல்லிமலையில் விடாத மழை. டவர் செத்துக் கிடக்கிறது. மாற்று டாக்டர் வரும்வரை ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று குண்டனி நாட்டு மலைக்கிராமத்துப் பொன்னாயி, இருமலுக்கு மருந்து கேட்டு மகனைத் தூக்கி வந்தாள். கை கால் குச்சி, வயிறு மட்டும் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மெதுவாகத் தொட்டதுமே கையை எடுத்துவிட்டேன். சிறுநீரகத்தில் கட்டி என்று சந்தேகம், அழுத்தினால் உடைந்துவிடலாம்.

"பையன் தேறிட்டான்னு நெனச்சனுங்க டாக்டரம்மா. அரைஞாண் கயித்தக்கூட ரெண்டு தரம் தளத்திக் கட்டுனனுங்க" என்றாள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்று தைரியம் சொல்லி, ஸ்கேனுக்குச் சேலம் அனுப்புகிறேன். ஆம்புலன்ஸ் வாசலில் நிற்கிறது. நானும் ஏறிவிடலாமா என்றிருக்கிறது.

என் ஸ்வெட்டரையும் கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சலில் அனுப்புங்கள்.

அப்புறம், போன வாரம் போனில், யாழினி குண்டாகிவிட்டாள், கயிறு இறுகுகிறது என்று சிரித்தீர்களே. நீங்கள் ஊட்டும் நெய்ச்சோறாகத்தான் இருக்கும். இருந்தாலும் வயிற்றை அழுத்தாமல் இன்றைக்கே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

டிரைவர் செங்கோடன் ஹார்ன் அடிக்கிறார். அடிவாரத்தில் இதைப் படம் பிடித்து உங்களுக்கு அனுப்புவார். டாக்டர் சொன்னதை அவர் போனுக்கே அனுப்புங்கள். அவர் மேலே திரும்பும்வரை நான் வாசலில்தான் நிற்பேன்.

சுமித்ரா