கால் வேண்டாத விமானம்

என் ஆருயிர் நஸீருக்கு,

"ஆருயிர்லாம் இன்னாத்துக்கு மச்சி, கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?" என்று நீ கேட்பாய். கேளேன். ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயேன்.

உன் எண்ணுக்கு இதை அனுப்ப முடியாது. அந்தப் போன் இப்போது உன் மனைவி ஷமீமிடம் இருக்கிறது. என் பெயர் அதில் வந்து நின்றால் அவள் பதறிப்போவாள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். நீ எப்படிப் படிப்பாய் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

நம்மைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் தி.நகரில் அண்ணன் தம்பிகளோடு துணிக்கடை நடத்துகிறவன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நீ மயிலாப்பூரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாய், வீடு ராயப்பேட்டையில். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம், வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது. ரிச்சி தெருவில் ஒரு கடையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஜாய்ஸ்டிக் பெட்டியின் மேல் உன் கையும் என் கையும் ஒன்றாக விழுந்தன. நான் விடுவதாக இல்லை. நீதான் கையை எடுத்தாய்.

"நீயே எட்த்துக்கோ நைனா. ஆனா ஞாயித்துக்கெழமை அத்த எட்த்துக்கினு என் வூட்டுக்கு வந்துடணும்."

வந்தேன். அதற்கப்புறம் ஞாயிறு என்றாலே உன் வீட்டு மாடிதான். ஜாய்ஸ்டிக் போய், மேஜை விளிம்பில் கவ்விப் பிடிக்கிற ஸ்டீயரிங் வந்தது. கீழே காலுக்குப் பெடல்கள் வந்தன. ஷமீம் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே கிளம்பும் முன் சரிபார்க்க வேண்டிய செக்லிஸ்ட்டைப் போனில் பார்த்து வாசிப்பாள். "மிக்ஸ்சர் ரிச்." நீ "ஆச்சு" என்பாய். "பியூயல் ரெண்டு பக்கமும்." "ஆச்சு." அதெல்லாம் என்ன என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நீ ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் தாண்டினால் அடுத்ததை வாசிக்க மாட்டாள்.

மென்பொருளோடு சும்மா வருகிற விமானங்கள் உனக்குப் பிடிக்கவில்லை. "இது பொம்மை மச்சி. எப்டி ஓட்னாலும் ஓடுது. எஞ்சின் சூடாவல, பேட்டரி சாவல. இன்னா பிளேன் இது?" என்பாய். தனியாக வாங்கிச் சேர்க்கிற ஆட்-ஆன் விமானங்களில்தான் உன் உயிர் இருந்தது. அதுவும் ஒற்றை எஞ்சின், சின்ன விமானம். விளக்கை அணைக்க மறந்துவிட்டுப் போனால் அடுத்த வாரம் பேட்டரி செத்துக் கிடக்க வேண்டும். ஆயில் பார்க்காமல் கிளம்பினால் நடுவானில் எஞ்சின் இரும வேண்டும். எனக்கோ பெரிய பெரிய திரைகளும், தானாக ஓட்டிக்கொள்கிற வசதியும் வேண்டும். "துணிக்கடைக்காரன் ஷோகேஸைப் பார்த்து வாங்குறான்" என்று ரிஹானாவிடம் சொல்லிச் சிரிப்பாய். உன் மகளும் உன் கட்சி. எனக்கு அந்த வீட்டில் ஆதரவே கிடையாது.

பிறகு உன் வலது காலில் செருப்புக் கடித்தது. அவ்வளவுதான். ஒரு செருப்புக்கடி. சர்க்கரை உள்ள உடம்பில் அது ஆறவில்லை, கறுத்தது, மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் வார்டுக்குள் வந்தபோது போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்தது. எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் முதலில் வாயைத் திறந்தாய்.

"வலது காலா பார்த்து போவணும்? டேக் ஆஃபுக்கு இன்னா பண்றது மச்சி?"

சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒற்றை எஞ்சின் விமானம் முழு வேகத்தில் கிளம்பும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது காலால் பெடலை அழுத்திப் பிடித்தால்தான் ஓடுபாதையில் நேராகப் போகும். இது தெரியாதவர்களுக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சாகத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் சுலபமான வழி ஒன்று சொன்னேன். செட்டிங்ஸில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட்டால் போதும், கால் செய்ய வேண்டியதை மென்பொருளே செய்துகொள்ளும். நீ சக்கர நாற்காலியில் அப்படியே பின்னால் போனாய்.

"வேணாம். என் காலுக்குப் பதிலா வேற எவனோ காலு வெக்கிறான். அது ஏமாத்து."

"அப்ப கையால முறுக்குற ஜாய்ஸ்டிக் வாங்குவோமா?"

"நெஜ பிளேன்ல எவன்யா அப்டி முறுக்குறான்? பாவப்பட்டு குடுக்குற எதுவும் எனக்கு வேணாம் மச்சி. காலே வேணாம்னு பொறந்த பிளேன் எதுனா கீதா, அத்தப் பாரு."

கோபத்தில் சொன்னாயா, நிஜமாகவே கேட்டாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் நிஜம் என்று எடுத்துக்கொண்டேன். கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம் முட்டிக்கொண்டிருக்க, நான் கல்லாவில் உட்கார்ந்து விமானம் தேடினேன். தம்பி முறைத்தான்.

இருந்தது நஸீர். காலே வேண்டாம் என்று பிறந்த விமானம் ஒன்று நிஜமாகவே இருந்தது. உலகப்போர்க் காலத்தது, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இறக்கையும் வாலும் ஒன்றாகத் திரும்பும்படி இணைத்துவிட்டார்கள். திருப்புவதற்குப் பெடலே கிடையாது. தரையில் பிரேக்குக்கு மட்டும் ஒரு மிதி, அதற்கு ஒரு கால் போதும். யார் மேலும் பரிதாபப்பட்டுச் செய்ததில்லை. கார் ஓட்டத் தெரிந்தவன் விமானமும் ஓட்டட்டும் என்று செய்தது.

அதன் ஆட்-ஆனைச் சிலர் செய்திருந்தார்கள். ஒன்று பார்க்க அழகு, பெயிண்ட் உரிந்த இடம்கூடத் தெரிகிறது. ஆனால் ஆயில் முள் வரைந்த படம் மாதிரி அசையாமல் நிற்கிறது. இன்னொன்றில் சத்தம் பிரமாதம். உள்ளே பார்த்தால் சாதாரண விமானத்துக்கு அந்த டிக்கைப் போட்டு ஒளித்து வைத்திருக்கிறார்கள். நீ சொன்ன அதே ஏமாற்று. கடைசியாக அகப்பட்டது ஒரு சின்னக் குழு செய்தது. நிஜத்திலேயே அந்த விமானத்தை வைத்திருக்கும் யாரோ ஒருவர், தன்னுடையது எந்த இடத்தில் உதறுமோ அதே இடத்தில் இதுவும் உதறுகிறது என்று எழுதியிருந்தார். எனக்கு அது போதும் என்று பட்டது.

அதற்குள் உன்னை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கிருமி ரத்தத்தில் கலந்து, கிட்னியைத் தொட்டிருந்தது. நான் போனில் வீடியோவைப் பிடித்துக் காட்ட, நீ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாய்.

"பக்கக் காத்து அடிச்சா?"

"கோணலாத்தான் வந்து இறங்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் தானா நேராயிரும்."

"நேராயிடுமா?"

"ஆயிரும்டே."

ஷமீம் உன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பிறகு சொன்னாய்: "அதையே போடு. ஆனா நான் வர்ற வரிக்கும் தொடாத. மொத டேக் ஆஃப் என்னுது."

அன்றைக்கே உன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். தொடவில்லை.

நீ வரவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு திருப்பத்தில் என் தோளுக்கும் இடம் கிடைத்தது. ராயப்பேட்டைக் கபரஸ்தானில் யாரோ ஒரு பெரியவர் என்னிடம், "மண்ணு போடுங்க பாய்" என்றார். நான் பாய் இல்லை என்று சொல்லத் தோன்றவில்லை. போட்டேன். ஓதத் தெரியாதவன், உன் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அது கணக்கில் சேருமா நஸீர்?

ஷமீம் வெளி ஆண்களைப் பார்க்காமல் இத்தா இருந்த மாதங்களில் நான் உன் வீட்டுப் பக்கம் போகவில்லை. ரிஹானா போனில் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று தெரியாமல் அடையாறு வரை நடந்து பாலத்தில் நின்றுவிட்டுத் திரும்புவேன். மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் தலைக்கு மேல் போகும். நிமிர்ந்து பார்க்கப் பிடிக்காது.

போன வாரம் ரிஹானா கூப்பிட்டாள். "அங்கிள், அம்மா உங்கள வரச் சொல்றாங்க. கம்ப்யூட்டர் விஷயமா."

எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன். கழற்ற ஸ்க்ரூ டிரைவர்கூடப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே போனால் மேஜை துடைத்து வைத்திருக்கிறது. உன் நாற்காலியில் ஷமீம் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள், மச்சி. ரிஹானா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் நின்றாள்.

"அண்ணே, ஆஸ்பத்திரில ரெண்டு பேரும் பேசிக்கினீங்களே, அந்தப் புது பிளேன் எது?"

காட்டினேன்.

"இதுல நம்ம ஏரியா தெரியுமா? மேலருந்து?"

"தெரியும்மா. நெஜப் படத்தை வச்சுத்தான் தரையெல்லாம் செஞ்சிருக்கான்."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "நீங்க அவருக்கு மண்ணு போட்டீங்க. எங்க வூட்ல பொம்பளைங்க அங்க போற வழக்கமில்ல. அவர் எங்க கீறாருன்னு நான் இன்னும் பார்க்கலண்ணே."

"நான் ஓட்டுறேன் தாயி, நீ பாரு" என்றேன்.

"இல்ல. நான் ஓட்டணும். காலு தேவயில்லன்னு சொன்னீங்களே. கை போதும்னா என்கிட்ட கீது."

நீ சொன்னது என் நாக்கு வரை வந்தது. மறைக்க முடியவில்லை. "முதல் டேக் ஆஃப் தன்னுதுன்னு சொன்னாம்மா அவன்."

"எனக்கும்தான் சொன்னாரு" என்றாள் ஷமீம். "வர்றேன்னும் சொன்னாரு."

நான் ஸ்டீயரிங்கை மேஜை விளிம்பில் இறுக்கி வைத்தேன்.

செக்லிஸ்ட்டை அவளே எடுத்து வாசித்தாள். ஒன்று வாசித்துவிட்டு நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ரிஹானா என் தோளைத் தொட்டாள். அப்புறம்தான் உறைத்தது. "ஆச்சு" என்றேன். அடுத்ததை வாசித்தாள்.

மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பினோம். ஓடுபாதையில் கொஞ்சம் தள்ளாடியது, ஆனால் மூக்கு நேராகவே போனது. "இப்ப இழும்மா" என்றேன். இழுத்தாள், ஏறிவிட்டது. கிண்டி மரங்கள், அடையாறு ஆறு, பெசன்ட் நகர் தாண்டிக் கடல். கரையோடு இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். ஸ்டீயரிங்கை மட்டும் மெல்லத் திருப்பினாள், விமானம் சாய்ந்து திரும்பியது. மயிலாப்பூரில் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் ஏதோ ஒரு மாடிக் கட்டடத்தை நிறுத்தியிருந்தது. குளம் மட்டும் சரியாக இருந்தது. "வாப்பா கடை!" என்றாள் ரிஹானா. அங்கே கடை இல்லை, ஒரு சாம்பல் நிறக் கூரைதான். யாரும் திருத்தவில்லை.

ராயப்பேட்டை வந்தது. கூரைகளுக்கு நடுவே நீளமாக ஒரு பச்சை.

"இதுதாம்மா."

விமானத்தின் இறக்கை கீழே இருப்பதால் நேராகப் போனால் தரை மறைந்துவிடும். சாய்த்தால்தான் தெரியும். இடப்பக்கம் சாய்க்கச் சொன்னேன். பச்சைத் திட்டு ஜன்னலில் வந்து நின்றது. மென்பொருள் தன் இஷ்டத்துக்கு மரங்களை நட்டிருந்தது. "எந்தப் பக்கம் அண்ணே?" என்றாள். கிழக்குச் சுவரை ஒட்டி, என்று விரலால் காட்டினேன். அந்த இடத்தில் திரையில் ஒரு மரமும் இல்லை, வெறும் பச்சைதான். அவள் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கக் கை எடுக்கவில்லை. எடுத்தால் விமானம் நேராகிவிடும் என்று பயந்தாளோ என்னவோ.

ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில், "கொஞ்சம் புடிச்சிக்குங்கண்ணே" என்றாள்.

நான் பக்கத்து நாற்காலியிலிருந்து கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். ஷமீம் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தினாள். உதடுகள் அசைந்தன. ரிஹானாவும் அம்மாவின் பின்னாலேயே நின்று கை ஏந்தினாள். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. நான் சாய்வு மாறாமல், உயரம் குறையாமல், உன்னைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மச்சி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த டிக்குகள் எதையும் நான் போட மாட்டேன். ஷமீமுக்கு இறக்கவும் கற்றுக்கொடுப்பேன். அவள் எப்போது கூப்பிட்டாலும் போவேன். அவள் கை ஏந்துகிற நேரமெல்லாம் நான் பிடித்துக்கொள்வேன். அவள் ஓதி முடிக்கிற வரைக்கும் இறக்கையை நேராக்க மாட்டேன்.

உன் மச்சான்,
ஷமீமுக்கு அண்ணன்,
செல்வம்