மீசைக்குப் போன சொட்டு மருந்து

அன்பு மக தொரசாணிக்கு உங்கப்பன் எழுதறது. நல்லா இருக்கியான்னு கேட்டா, தலையில இடி விழுந்திருந்தாலும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ, அதனால கேக்கல. இங்க நாங்க ரெண்டு பேரும் சுகம். உங்கம்மா சுகத்துக்கு மேல சுகம், என்னை மிரட்டறதுக்கு இப்ப டாக்டரே அவளுக்கு அதிகாரம் குடுத்துட்டாங்க.

என் கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு போன்ல சொன்னேன்ல, அதுக்கப்புறம் நடந்தத மறைச்சுட்டேன். சொட்டு மருந்து குடுத்து, வீட்டுல யாராவது கண்ணுல விடணும்னாங்க. உங்கம்மா கைய நீட்டுனா, நான் தரல. ஏணியப் புடிக்க ஆளில்லாம உசரத்துல நின்னு ஊரு பூரா வயரு இழுத்த எலக்ட்ரீசியன் நான், என் கண்ணுல ஒரு சொட்டு விட எனக்கு ஆளு வேணுமான்னு கேட்டுட்டு, பாத்ரூம் கதவத் தாப்பா போட்டுக்கிட்டு நானே விட்டேன். அண்ணாந்தா கண்ணாடி தெரியல, கண்ணாடியப் பாத்தா சொட்டு கண்ணுல விழல. எங்கயோ ஈரம் பட்டுச்சுன்னா சரி, விழுந்துருச்சுன்னு வெளிய வந்துருவேன். செக்கப்புக்குப் போனா கண்ணு செவசெவன்னு இருக்கு. டாக்டரம்மா லைட்டு அடிச்சுப் பாத்துட்டு மருந்தெல்லாம் எங்க போகுதுன்னு கேட்டாங்க. உங்கம்மா சும்மா இருப்பாளா, மீசைக்குப் போகுதுங்க, இப்ப அதுக்குப் பார்வை நல்லா தெரியுதுன்னுட்டா. அவங்க சிரிச்ச சிரிப்புல வெளிய உக்காந்திருந்தவங்கல்லாம் எட்டிப் பாத்தாங்க. இப்படியே விட்டிருந்தா கண்ணே போயிருக்கும்னும் சொன்னாங்க, அதுக்கு யாரும் சிரிக்கல. அன்னைக்குச் சாயங்காலம் உங்கம்மா என் தலையத் தூக்கி மடியில வச்சா. லேசுப்பட்ட வேலை இல்லம்மாடி அது, சொட்டு வர்றதுக்குள்ள கண்ணு தானா மூடிக்குது, என் கை தானா எழும்பி அவ கையத் தட்டி விடுது. கரண்டுக்குப் பயப்படாதவன் பொண்டாட்டி வெரலுக்குப் பயந்தேன். கையக் கீழ போடுங்க, நான்தான் இருக்கேன்லன்னா. போட்டேன். சில்லுன்னு விழுந்துச்சு. கண்ணுல தண்ணி வந்துச்சு, மருந்துன்னு சொன்னேன், அவளும் நம்புன மாதிரி தொடைச்சு விட்டா. இப்பல்லாம் விட்டாச்சான்னு மறந்த மாதிரி இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறேன், வெளிய சொல்லிடாத.

எதுக்குச் சொல்றேன்னா, வர்ற வாரம் உனக்குப் பித்தப்பையில கல்லெடுக்கறாங்க, கூட ஒரு ஆளு வரணும்னு ஆஸ்பத்திரியில சொன்னதுக்கு, டாக்ஸிக்காரரு போதும்னு நீ சொன்னியாமே. உங்கம்மா இத என்கிட்ட சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா. மூக்கு அவளோடது, வீம்பு மட்டும் என்னோடது உனக்கு. ஞாயித்துக்கெழம பேச ஆளில்லாம, கடைக்காரப் பொண்ணு எப்படி இருக்கீங்கன்னு கேப்பாளேன்னு போயி சோப்பு வாங்கிட்டு வர்றியாம், சிரிச்சுக்கிட்டே சொன்னியாம். அத்தன சோப்பு வச்சு யாரக் குளிப்பாட்டப் போற. கண்ணு ஆறுற வரைக்கும் பயணம் கூடாதுன்னுட்டாங்க, சொட்டு விடற ஆளும் நகர முடியாது. ஆனா ஆபீஸ்ல உன் பக்கத்து மேசை வாயாடி இருக்காளே, காதுல பஞ்சு வச்சுக்கலாம்போல இருக்குன்னு திட்டுவியே, அவகிட்ட போயி எனக்குப் பயமா இருக்கு, கூட வர்றியான்னு கேளு. வேலை இருந்தா பரவாயில்லன்னு வாலு ஒட்டாத, பயத்தையும் முழுங்கிடாத. அவ வருவா, எழுதி வச்சுக்க. அவளும் ஒத்தையாத்தான் இருப்பா, இல்லன்னா எதுக்கு அவ்வளவு பேசறா. தலைகாணிய சரி பண்ண வந்தான்னா நீ தட்டி விடாத, கையக் கீழ போடு.

நோய்நொடி இல்லாம நூறு வருஷம் இரு, பக்கத்துல ஆளோட இரு. மயக்கம் தெளிஞ்சதும் போன் பண்ண மறந்துடாத, நல்லா இருக்கேன்னு மட்டும் சொன்னா வச்சுடுவேன், எங்க வலிக்குதுன்னு சொல்லணும். அப்புறம் அந்த வாயாடி கையில போனக் குடு, உன் சின்ன வயசு மானத்தையெல்லாம் வாங்கணும். சொட்டு நேரமாச்சு, உங்கம்மா கூப்பிடறதுக்குள்ள நானே போயி படுத்துக்கறேன்.

இப்படிக்கு,
பார்வை தெளிஞ்ச மீசைக்காரன்,
உங்கப்பா