வன்னிக்கோட்டையார் வெட்டிய வலக்கை

திருவும் திறலும் ஓங்குக. ஏழு கழிமுகங்களுக்கும் காவலராய், உப்பங்காற்றும் பணிந்து வீசும் கொற்றமுடையவராய் விளங்கும் கழிநாட்டு அரசி செருவிடை நாச்சியார் திருவுளப்படி, வன்னிக்கோட்டை அதிபர் இரணசிங்கனார் காண வரைந்த ஓலை. உமது நாட்டுக் குளங்கள் நிறைக, கன்றுகாலிகள் பெருகுக, உமது குடிகள் நோய்நொடியின்றி வாழ்க. இவ்வாழ்த்தில் உமது பெயர் இல்லாதது எழுதியவன் மறதியன்று.

நாச்சியார் ஆணையால் ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி தொகுக்கும் துபாஷி வடுகநாதன், சென்ற ஆனி மாதம் உமது துறைமுகத்துக்கு வந்தான். ‘ஹேண்ட்’ என்னும் ஒரே சொல்லுக்காக வந்தான். கை என்று ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். அவனுக்கு மனம் ஒப்பவில்லை. கப்பலில் வேலை செய்யும் ஒவ்வொரு மாலுமியையும், கடிகாரத்தின் முள்ளையும், ஒருவருடைய கையெழுத்தையும், சீட்டாட்டத்தில் தமக்கு விழுந்த சீட்டுகளையும், ஆபத்தில் செய்யும் உதவியையும் ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே குறிப்பதைக் கேட்டுக் கேட்டு எழுதினான். ஒல்லாந்தரும் அதையே வழங்கக் கண்டு, அதன் வேர் எதுவென்று கப்பற் பாதிரியாரை வினவினான். பற்றிப் பிடித்தலைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றோடு சிலர் உறவு சொல்வதாகவும், உறுதியாக அறிந்தவர் எவருமில்லை என்றும் அவர் உரைத்தார்.

இதைக் கண்ட உமது காவலர், மதிலை அளந்தெழுதும் ஒற்றன் என்று அவனைப் பிடித்து வந்தனர். ஓலையைப் படித்துப் பார்க்கும்படி அவன் மன்றாடினான். நீர் படிக்கவில்லை. எழுதிய கை இருக்கலாகாது என்று சபையில் முழங்கி, அவன் வலக்கையை மணிக்கட்டோடு வெட்டுவித்தீர். எழுதியது எந்தக் கை என்று கேட்கவும் உமக்குப் பொறுமையில்லை. வடுகநாதன் சிறுவயது முதலே இடக்கையால் எழுதி, வலக்கையால் உண்பவன்.

ஆகவே அகராதி நிற்கவில்லை. நின்றுபோனது அவன் பந்திச் சோறுதான். இடக்கையால் உண்பவனருகே இலை போட்டு அமர உற்றாரும் கூசுகின்றனர். தன் மகளின் கல்யாணப் பந்தியிலிருந்தே எழுந்து, கொல்லைப்புறம் போய் உண்டான். அதைக் கேட்ட நாளில் நாச்சியாருக்கு வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

கழிநாட்டு அகராதியின் வழக்கத்தை நீர் அறிவீர். உண்மையில் நடந்த ஒன்றை, பெயரும் ஊரும் சொல்லிச் சான்று வாக்கியமாக எழுதினால்தான் எந்தச் சொல்லும் அதில் ஏறும். அவ்வழக்கப்படி ‘ஹேண்ட்’ என்னும் சொல்லின் முதற்பொருளுக்கு, ‘வன்னிக்கோட்டை இரணசிங்கன் குற்றமற்றவன் கையை வெட்டுவித்தான்’ என்பது சான்றாயிற்று. இனி அச்சொல்லைக் கற்கும் வணிகரும் பள்ளிப் பிள்ளைகளும் உம்மைச் சொல்லியே கற்பார்கள்.

அதை நீக்கும்படி வேண்டி, பொன்னாற் செய்த கையொன்றைத் தூதர் வழி அனுப்பினீர். பொற்கை சோறு பிசையாது. இவ்வோலையோடு அது திரும்பி வருகிறது.

படை அனுப்பலாம் என்றார் அமைச்சர்; நாச்சியார் இசையவில்லை. உமது கையையும் வெட்டுவிக்கலாமா என்று வடுகநாதனையே கேட்டார். வெட்டிய கையை வைத்துக்கொண்டு தான் என்ன செய்வது என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு தனக்கு வேண்டியதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதுவே இப்போது கட்டளையாகிறது.

வரும் அறுவடைப் பெருவிழா அன்று நீர் கழிநாட்டுக்கு வந்து, முடியைக் கழற்றி வைத்து, ஊர் முழுதும் அமர்ந்திருக்கும் பந்தியில் வடுகநாதன் இலைமுன் அமர்க. உமது வலக்கையால் சோறு பிசைந்து, அவன் போதும் என்னும்வரை ஊட்டுக. ஊட்டினால் பழைய சான்று அழிக்கப்பட்டு, ‘வன்னிக்கோட்டை இரணசிங்கன் தான் கை வெட்டுவித்த ஒருவனுக்குத் தன் கையால் ஊட்டினான்’ என்று எழுதப்படும். மறுத்தால் பழையதே நிற்கும். எப்படியும் அந்த ஏட்டைவிட்டு உமது பெயர் வெளியேறாது. அன்று வடுகநாதன் மிக நிதானமாக உண்பான்.

நாச்சியாரின் சங்கு முத்திரை இட்டது. கட்டளை மாறாது.

இவை துபாஷி வடுகநாதன் இடக்கை எழுத்து.