குனியாத கழுத்து

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதுகிற சுகம் இல்லை இது, இப்போது நிஜமாகவே சுகம். சமீப காலமாக நீ போன் செய்தபோதெல்லாம் அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போய்விட்டார் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள், ஒரு மனுஷன் இத்தனை தடவை குளித்தால் தோல் உரிந்துவிடாதா என்று நீயாவது கேட்டிருக்கலாம். நான் சொல்லச் சொன்னதுதான், அவளைத் திட்டாதே. எனக்கு வந்தது அவள் சொன்ன மாதிரி சாதாரணக் காய்ச்சல் இல்லை, மூளைக்காய்ச்சல். பிழைத்துவிட்டேன், ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. சொன்னால் புது வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாய் என்றுதான் மறைத்தேன். அழுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டு அழு.

நடந்தது இதுதான். அன்று காலையிலிருந்தே தலை பிளந்தது, கடையில் டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, கழுத்து கட்டையாக நின்றது. ராத்திரி தலையணை சரியில்லை, சுளுக்குப் பிடித்திருக்கிறது என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டேன். நாள் முழுக்க வருகிறவர் தலையையெல்லாம் குனியுங்க, இன்னும் கொஞ்சம் குனியுங்க என்று அமுக்குகிறவன் நான், என் தலை எனக்குக் குனியவில்லை. முடி வெட்டி முடித்ததும் வாடிக்கையாளர் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்போமே, அதேபோல எனக்கும் எடுத்துவிடச் சொல்லி என் கூட்டாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கையை வைத்தவர் அப்படியே எடுத்துவிட்டாராம். இது சுளுக்கு இல்ல அண்ணே, நீங்க கொதிக்கிறீங்க என்றார். பாதி சவரத்தில் இருந்த ஆளை நுரையோடு விட்டுவிட்டு என்னை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், தெளிவாக இருக்க வேண்டிய அந்த நீர் சவரப் பிரஷ்ஷை அலசிய தண்ணீர் போலக் கலங்கியிருந்ததாம். மூளையைச் சுற்றி இருக்கிற சவ்வில் கிருமி புகுந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் அதற்குப் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று கூட்டாளி எழுதிக் காட்டினார். உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன், காய்ச்சலும் தலைவலியும் வந்து மோவாய் நெஞ்சைத் தொடாவிட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள், உடனே ஓடுங்கள்.

கண் விழித்தபோது உன் அம்மாவின் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. இவள் இவ்வளவு மெதுவாகப் பேச மாட்டாளே என்றுதான் முதலில் தோன்றியது. இப்போது அவள் சிலேட்டில் எழுதுகிறாள். அதிலும் சண்டை குறையவில்லை, எழுத்தைப் பெரிதாக எழுதினால் கத்துகிறாள் என்று அர்த்தம். தோற்கப் போகிறேன் என்று தெரிந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன், சிலேட்டாலேயே முழங்காலில் ஒன்று போடுவாள். நடை இன்னும் கொஞ்சம் தள்ளாடுகிறது, கிருமி காதுக்குள் இருக்கிற நிதானத்தையும் கெடுத்துவிட்டதாம். எதிர்வீட்டுக்காரர் நான் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வருவதாக நினைத்து நடுத்தெருவில் நிறுத்திப் புத்தி சொல்லியிருக்கிறார், நல்லவேளை எனக்குக் காது கேட்கவில்லை. கடைக்குப் போய் உட்காருகிறேன், கத்தியைத் தொட இன்னும் உத்தரவு இல்லை. ஆனால் ஒன்று, வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசிவிட்டுப் போகிறார்கள், நானும் தலையை ஆட்டுகிறேன். இவ்வளவு நம்பிக்கையான ஆள் ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காதுக்குப் பின்னால் எலும்பில் துளை போட்டு உள்ளே ஒரு கருவி வைத்தால் ஓரளவு கேட்கும் என்கிறார் காது டாக்டரம்மா. ஆனால் இந்தக் காய்ச்சல் வந்த காதுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டே வருமாம், தாமதித்தால் கருவி நுழைய வழி இருக்காது. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். பயம்தான் வாலு, வேறென்ன. இப்போதுதான் மண்டைக்குள்ளிருந்து ஒன்றைத் துரத்தியிருக்கிறேன், அதே மண்டையில் துளை போட நானே போய்த் தலையைக் கொடுப்பதா. அம்மா கெஞ்சினாள், சிலேட் நிறைய எழுதினாள், நான் கண்ணை மூடிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசி முடித்த பிறகு அவள் ஒரே ஒரு வரி எழுதி நீட்டினாள். அப்பாவுக்கு என் மேல கோபமா, நான் இவ்வளவு தூரம் வந்ததாலதான் பேச மாட்டேங்கிறாரா என்று நீ கேட்டாயாம். அந்த வரியைப் பார்த்து என்னால் கண்ணை மூட முடியவில்லை. மறுநாள் காலையில் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டேன். காதுக்குப் பின்னால் மழிக்க வேண்டுமாம், அதை என் கூட்டாளிதான் செய்ய வேண்டும் என்று கேட்டேன், டாக்டரம்மா சிரித்துவிட்டு மறுத்துவிட்டார். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

காயம் ஆறின பிறகுதான் கருவியை முடுக்குவார்களாம். முதலில் எல்லாக் குரலும் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினது மாதிரித்தான் கேட்குமாம், தெரிந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே அதே வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டுமாம். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தை நீ உரக்கப் படித்துப் பதிவு செய்து அம்மாவின் போனுக்கு அனுப்பு. இதன் நகல் என்னிடம் இருக்கிறது, உன் குரல் போகப் போக நான் வரிகளில் விரலை வைத்துக்கொண்டே வருவேன். அவசரப்படாமல் படி, அழுகை வந்தால் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் படி.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை அதட்டாதே. லீவு கேட்டு ஓடி வராதே, அம்மாவும் கூட்டாளியும் இருக்கிறார்கள். உன் மேல் எனக்கு என்றைக்கும் கோபம் இருந்ததில்லை. இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படி, ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்
அப்பா