நாற்பத்தொன்பது தலைகள்

மார்ச் 3, திங்கள்

நாடாளுமன்ற அவை இன்று கூடியது. அம்மா காலண்டரில் முதல் கோடு போட்டாள். தம்பி உள்ளே போய் ஐம்பத்தாறு நாள் ஆகிறது. ஆனால் சட்டம் இன்றிலிருந்துதான் எண்ணும் என்று நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

பஸ் டிரைவர்கள் கூட்டத்தில் தம்பி மைக் பிடித்தான். அதிபரின் அவசர ஆணையைக் காட்டி அள்ளிக்கொண்டு போனார்கள். அவை கூடிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்த ஆணை தானாகச் செத்துவிடும். அவை நிராகரித்தால் அன்றைக்கே சாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவையைக் கூட்டுகிறவரும் முடித்துவைக்கிறவரும் யார்? அதே அதிபர். ஐம்பத்தாறு நாள் அவர் கூட்டவே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக இந்த அவையில் சுருக்கெழுத்து எழுதுகிறேன். இந்த ஓட்டை ஒரு நாளும் என் கண்ணில் படவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி

"உங்க ஆளுங்க என்னைக்குத்தான் பேசி முடிப்பாங்க?" என்றாள் அம்மா. என் ஆட்களாம்!

மார்ச் 14, வெள்ளி

நிராகரித்துவிட்டார்கள்!

அதிபர் கட்சிக்காரர்கள் மொத்தமாக எழுந்து வெளியே போனார்கள். கோபமெல்லாம் இல்லை, கணக்குதான். உள்ளே ஐம்பது பேராவது இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது. அவைத்தலைவர் ஒரு பார்வை பார்த்தார், போதுமான பேர் இருக்கிறார்கள் என்றார், குரல் வாக்கெடுப்புக்கு விட்டார். "ஆம்" என்று கூரை அதிர்ந்தது. அதோடு என் ஐந்து நிமிட முறையும் முடிந்தது. அடுத்தவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

அம்மா அவனுடைய நீலச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருக்கிறாள்.

மார்ச் 15, சனி

ஐயோ. என்ன காரியம் செய்திருக்கிறேன்.

எங்கள் பிரிவில் ஒரு பழைய பழக்கம். முறை முடிந்து எழும்போது அவைக்குள் இருக்கும் தலைகளை எண்ணி நோட்டுப் பக்கத்தின் மூலையில் பென்சிலால் எழுத வேண்டும். யாரும் படிப்பதில்லை, அச்சிலும் வராது. ஆனால் கை தானாக எழுதிவிடும். நேற்றும் எழுதியிருக்கிறது. 49.

முழங்கால் வலிக்கார உறுப்பினர் ஒருவர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். இப்போதுதான் நினைவு வருகிறது. ஒரே ஒரு ஆள். ஒரு டம்ளர் தண்ணீர்.

மார்ச் 17, திங்கள்

அதிபர் மாளிகையிலிருந்து கடிதம். தீர்மானத்தின்போது ஐம்பது பேர் இருந்தார்களா என்பதில் சந்தேகமாம். மூல நோட்டு வேண்டுமாம். எங்கள் பழக்கம் அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் பிரிவுத் தலைவரை நாங்கள் 'கமா' என்போம். ஒரு காற்புள்ளி தவறினாலும் அச்சை நிறுத்திவிடுவார். மூல நோட்டை யாரிடமும் தனியாக விட்டதே இல்லை. இன்று அதை என் மேசையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினோரு மணிக்கு ஆள் வருவாங்கம்மா. ஒரு தடவ பார்த்து வச்சிடுங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

அவர் டீயே குடிக்க மாட்டார்.

அழித்தேன். 49-ஐ அழித்து 50 என்று எழுதினேன். ரப்பர் தூளை ஊதித் தள்ளினேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு உறுப்பினர் கெஞ்சியும் ஒரு சொல்லை மாற்றாதவள் நான். வசவைக்கூட வசவாகவே எழுதியவள். தம்பி என்று வந்ததும் எல்லாம் போயிற்று. போகட்டும். அவன் வந்தால் போதும்.

இங்கே மட்டும் சரியாக இருக்கட்டும்: நாற்பத்தொன்பது.

மார்ச் 21, வெள்ளி

மாளிகையில் ஐம்பதை ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை விடுதலை. அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார்கள்?

மார்ச் 24, திங்கள்

நான்கு மணிக்குச் சிறைக் கதவு திறந்தது. மெலிந்திருந்தான். "அக்கா, சட்ட கொண்டாந்தியா?" என்று தூரத்திலிருந்தே கேட்டான். அம்மா சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

வாசலில் நின்ற வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். கையில் ஒரு தாள். புது ஆணை.

பாழாய்ப்போன இந்த எண்ணும் பழக்கம் அங்கேயும் விடவில்லை. மறுபடி வேனில் ஏற்றும்வரை அவன் வெளியே நடந்தது பன்னிரண்டு அடி.

மார்ச் 25, செவ்வாய்

எழுத முடியவில்லை.

மார்ச் 26, புதன்

அரசிதழ் வந்தது. அவைக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது, அடுத்துக் கூடும் தேதி பின்னர் அறிவிக்கப்படும். அதற்குக் கீழே புது ஆணை. பழையதன் அச்சு அசல்.

"கமாகூட அதே எடத்துலதான்மா இருக்கு" என்றார் கமா. பிறகு விரலால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். அதிபர் கையெழுத்திட்ட தேதி: மார்ச் 17.

பதினேழு! நான் ரப்பரை எடுத்தது பதினெட்டாம் தேதி. நோட்டு அவர்கள் கைக்குப் போகும் முன்பே புது ஆணை தயார். நாற்பத்தொன்பதாக இருந்தால் என்ன, ஐம்பதாக இருந்தால் என்ன? அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குத்தான் ஒன்றில்லை. கேட்காத விலைக்கு என்னை நானே விற்றுவிட்டு நிற்கிறேன்.

கமா அரசிதழை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அன்று டீ குடிக்கப் போனதற்கு அவரும் வருந்துகிறாரோ என்னவோ.

ஏப்ரல் 9, புதன்

அலுவலகத்தில் வேலை இல்லை. அவைக்குள் நாற்காலிகளுக்கு உறை போட்டுவிட்டார்கள்.

காலையில் அம்மா கேட்டாள். "இன்னைக்காவது கூட்டுறாங்களா?"

"தெரியலம்மா."

"கூட்டினாத்தான் முதல் நாளு?"

"ஆமாம்மா."

எனக்கு இருபத்திரண்டு வருஷம் தெரியாதிருந்ததை அவள் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றினாள். இருபத்திரண்டு கோடுகள் இருந்தன. சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்தாள். நீலச் சட்டையை மட்டும் நாற்காலியிலேயே விட்டுவிட்டாள்.

"கூட்டுற அன்னைக்கு அந்தக் காலண்டர எடுத்துக் குடு" என்றாள். "அதுவரைக்கும் என்ன தேதின்னு எனக்குச் சொல்லாத."