நம் இருவருக்கு மட்டும் தெரிந்த ஊசி

என் இனிய இணையரே,

இறந்தவர்களுக்குச் செவியில்லை என்று மேடை போட்டுப் பேசியவர்கள் நாம். ஆகவே இக்கடிதம் உங்களை வந்து சேரும் என்று நான் நம்பவில்லை. நம்பாமலேதான் எழுதுகிறேன். உங்களை முன்னிறுத்தாமல் இந்தச் செய்தியைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

அடுத்த வாரம் உங்கள் முதலாண்டு நினைவுக் கூட்டம். வருகின்றவர்கள் கையில் இது அச்சாகிக் கிடைக்கும். ஊரில் எவருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடந்தான் வருவார்கள். அந்தக் கைதான் எழுதியே தீர வேண்டிய ஒன்றைப் பதினொரு மாதமாக எழுதாமல் இருந்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் முதலில் கேட்பதும் அதுவாகத்தானே இருக்கும்? நம் பிளஷர் காரின் வயரிங்கை முழுவதுமாக மாற்றிவிட்டேன். மிராசுதாரிடமிருந்து நீங்கள் வாங்கிய நாளிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டிருந்த துணி சுற்றிய வயர்கள், தொட்டதும் உள்ளங்கையில் பொடியாக உதிர்ந்தன. இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு நிறத்தில் பிளாஸ்டிக் வயர், தனித்தனி ஃபியூஸ். தஞ்சாவூர்க் கடையில் கேட்டபோது கடைக்காரர், "மெக்கானிக் வரலீங்களாம்மா?" என்றார். "வந்திருக்கிறார். உங்கள் எதிரில்தான் நிற்கிறார்" என்றேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வெளியே போய்ச் சிரித்திருப்பீர்கள்.

மீட்டர் பலகையும் புதிது. தேக்குப் பலகையை அளவெடுத்து அறுத்து, வட்டம் வட்டமாகத் துளையிட்டு, புதிய மீட்டர்களைப் பொருத்தினேன். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பெயிண்டால் பெயர் எழுதினேன்: வேகம், வெப்பம், எண்ணெய் அழுத்தம், மின்னேற்றம். எட்டிப் பார்த்த லாரிக்காரன் தங்கராசு, "அக்கா, யாரு இந்த மின்னேற்றம்? புது வட்டச் செயலாளரா?" என்றான். மறுநாளே அச்சொல்லை அழித்தேன். அவ்விடத்தில், "வலப்பக்கம் வந்தால் சார்ஜ் ஏறுது. இடப்பக்கம் போனால் இறங்குது. உடனே நிறுத்திப் பார்" என்று எழுதினேன்.

கலப்பில்லாத் தமிழுக்காக உங்களோடு சண்டை போட்டவள் ஏன் இப்படி எழுதினேன் என்பது உங்களுக்கு விளங்கும். மற்றவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.

நம் ஊரில் குத்தகைதாரர் பதிவேடு எழுத அதிகாரிகள் வந்த நாள் நினைவிருக்கிறதா? உங்கள் தந்தையார் காலத்திலிருந்து நம் குடும்பம் சாகுபடி செய்த மிராசுதார் நிலம். பதிவாகும் பெயருக்குத்தான் சாகுபடி உரிமை. நீங்கள் உங்கள் பெயரை மட்டும் சொன்னீர்கள். தம்பி பக்கிரிசாமி செங்கொடிச் சங்கத்தில் இருக்கிறான், அவன் பெயரைச் சேர்த்தால் மிராசுதார் மொத்தத்தையும் மறுத்துவிடுவார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அந்தப் "பிறகு" வரவே இல்லை. அவன் வாசலில் நின்று, "அருவாளால வெட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். அண்ணன் என்னயப் பேனாவால அறுத்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது; நிலத்தில் பங்கு கேட்டு அவன் வழக்கும் போட்டான். நம் வண்டியிலேயே ஓட்டக் கற்றவன், அதன்பின் அதைத் தொட்டதில்லை.

அதற்கு அடுத்த கோடையில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். நம் வண்டி பழைய இங்கிலீஷ்காரன் வண்டி. பேட்டரியின் பிளஸ் முனையை இரும்புச் சட்டத்தோடு கட்டியிருப்பார்கள். இக்காலத்துச் சாமான்களோ மைனஸைச் சட்டத்தில் கட்டுவதற்காகச் செய்யப்படுகின்றன. மன்னார்குடிப் பட்டறையில் எவரும் கைவைக்க அஞ்சினார்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நான், படிப்பகத்து மின்சார நூலை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை இணைப்புகளையும் திருப்பினேன். ஒன்றைத் தவிர.

அது ஆம்பியர் மீட்டர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று காட்டும் சின்ன மீட்டர். அதன் பின்னால் இருக்கும் இரண்டு வயர்களை இடம் மாற்றிப் போட வேண்டும். போடாவிட்டால் ஊசி எதிர்ப்பக்கம் காட்டும். திருகு துருப்பிடித்திருந்தது. நெம்பினால் மீட்டரே உடைந்துவிடும். வேறொன்று எங்கும் கிடைக்காது. நீங்கள் பீடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "விடு செங்கமலம். அது திருப்பிக் காட்டினா நாம திருப்பிப் படிச்சுக்கிட்டுப் போறோம். வண்டிய ஓட்டுறது நான், கழட்டுறது நீ. வேற யாரு பாக்கப்போறா?"

பிறகு நீங்களே கேட்டீர்கள்: "ஒரு ஓரமா பெயிண்ட்ல எழுதி வைப்போமா, ஊசி திருப்பிக் காட்டும்னு?"

வேண்டாம் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். "பொம்பள செஞ்ச வேலை தலைகீழாக் கெடக்குன்னு பட்டறைக்காரன் சிரிப்பான்." உங்களுக்கு அது வேடிக்கையாகப்பட்டது. எனக்கு அது மானப் பிரச்சினை. ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள், என் வண்டியில் ஒரு வரி எழுத மறுத்தேன்.

ஐந்து ஆண்டுகள் நாம் அப்படியே படித்துக்கொண்டோம். ஊசி இடப்பக்கம் இருந்தால் நலம். இதை நாம் ஒரு செல்லக் குறும்பாகவே வைத்திருந்தோம், இல்லையா? உங்களுக்குக் கோபம் வந்தால், "என்ன, ஊசி வலப்பக்கம் போகுது?" என்று நான் கேட்பேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பீர்கள்.

அந்த ஐப்பசி மாலை நான் ஊரில் இல்லை. மீன் வியாபாரி ஒருவரின் லாரிக்கு வயரிங் பார்க்கக் கோடியக்கரைக்குப் போயிருந்தேன். அடைமழை. உங்களுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஊரில் இருந்தவர்களில் கார் ஓட்டத் தெரிந்தவன் பக்கிரிசாமி ஒருவன்தான். யாரும் போய்க் கெஞ்சவில்லை. செய்தி காதில் விழுந்ததும் சேற்றுக் காலோடு ஓடி வந்து அவனே உங்களைத் தூக்கிப் பின்சீட்டில் படுக்க வைத்தான். திருத்துறைப்பூண்டி டாக்டர் ஊசி போட்டு, தாமதிக்காமல் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகச் சொன்னார். விளக்கையும் துடைப்பானையும் போட்டுக்கொண்டு அவன் விரட்டினான்.

மன்னார்குடியைத் தாண்டி, வடவாற்றங்கரைச் சாலையில் விளக்கு மங்கியது. வண்டி இருமி நின்றது. முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. அவன் உங்களை முதுகில் சுமந்துகொண்டு மழையில் நடந்தான். எதிரே வந்த மாட்டுவண்டியில் ஏற்றினான். அந்த வண்டியில், அவன் மடியில், நீங்கள் போய்விட்டீர்கள்.

மறுநாள் காலை நான் வந்து சேர்ந்தபோது அவன் என் காலடியில் உட்கார்ந்து சொன்னான். அவன் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"மீட்டரப் பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன் அண்ணி. கெளம்பயில ஊசி எடப்பக்கம் கெடந்துச்சு. பேட்டரி எறங்குதேன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன். திருத்துறைப்பூண்டி தாண்டுன ஒடனே அதுவா வலப்பக்கம் வந்துடுச்சு. அண்ணனுக்கு நல்ல நேரந்தான்னு நெனச்சேன். மன்னார்குடியில பட்டறை தொறந்துதான் இருந்துச்சு. நிறுத்தாம வந்துட்டேன் அண்ணி."

அக்கணமே எனக்கு விளங்கிவிட்டது. ஊசி வலப்பக்கம் வந்தபோதுதான், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ நின்றிருக்கிறது. அவன் கற்ற நாளில் அந்த ஊசி சரியாகக் காட்டியது. நாம் திருப்பிய செய்தி அவனுக்குத் தெரியாது. பேச்சில்லாத வீட்டுக்கு யார் போய்ச் சொல்லுவார்கள்? தெரிந்திருந்தால் மன்னார்குடியில் பேட்டரியை மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் உங்களைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருப்பான். ஒரு வாரம் கழித்து டைனமோவைக் கழற்றிப் பார்த்தேன். கார்பன் தேய்ந்து தீர்ந்திருந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டியவளும் நானே.

இன்னொன்றும் சொன்னான். "மன்னார்குடி கிட்ட அண்ணன் கைய முன்னால நீட்டி என்னமோ சொல்ல வந்துச்சு. தண்ணி கேக்குதுன்னு நெனச்சு, நிறுத்தித் தண்ணி குடுத்தேன். வேணாம்னு தலைய ஆட்டுச்சு."

நீங்கள் ஊசியைப் பார்த்துவிட்டீர்களா? அதைத்தான் சொல்ல வந்தீர்களா? பதினொரு மாதமாக இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் உண்கிறேன், உறங்குகிறேன். அதற்கு விடை சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. உங்கள் படத்திறப்பு நாளில் மேடையேறிய ஒருவர், "வண்டி எங்க நின்னுச்சு, யாரு கையில நின்னுச்சு, நின்னா நெலம் யாருக்குன்னு இந்த ஊருக்குத் தெரியும்" என்றார். கை தட்டினார்கள். பக்கிரிசாமி கூட்டத்தின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்தான். எழுந்து போனான். முன்வரிசையில் இருந்த நான் உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு டீக்கடையைக் கடக்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரே கேள்விதான்: "என்னா பக்கிரி, வண்டி ஓடுதா, நிக்குதா?" அறுவடைக்கு அவனை எவரும் கூப்பிடுவதில்லை. சங்கத்துக்காரர்களே அவனைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எம் மனசுக்குள்ள அந்த நெலம் கெடந்துதான் என் கண்ணு மறைச்சுச்சோ" என்று தன் மனைவியிடம் கேட்டிருக்கிறான்.

சென்ற ஞாயிறு அவன் விடைபெற வந்தான். "கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துல வேலை இருக்காம் அண்ணி. நெனவு நாளு முடிஞ்சதும் குடும்பத்தோட போயிடுறோம். வழக்கையும் வாபஸ் வாங்கிட்டேன். நெலத்த நீங்களே வச்சுக்குங்க." என் கையில் அப்போது பழைய ஆம்பியர் மீட்டர் இருந்தது. பழைய பலகையிலிருந்து அன்றுதான் கழற்றியிருந்தேன். அதை ஒரு பேட்டரியில் இணைத்து அவனுக்குக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுத மறுத்த அந்த ஒரு வரியையும் சொன்னேன்.

பேட்டரி முனைகளில் வயர்களை அவனே ஒருமுறை இடம் மாற்றி வைத்துப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா தூங்கியிருப்பேன்ல" என்றான். அவ்வளவுதான். வாசல்வரை போய்த் திரும்பினான். "ஊருக்குச் சொல்லுவீங்களா?"

அண்ணி என்று சேர்க்கவில்லை. "சொல்வேன்" என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. எப்படி நம்புவான்?

ஆகவே என் அன்பரே, உங்கள்மீது ஆணையாக அல்ல, ஆணைகளில் நமக்கு நம்பிக்கையில்லை, என் சொல்லின்மீது வாக்களிக்கிறேன். நினைவுக் கூட்டத்தில் இக்கடிதத்தை ஒலிபெருக்கியின் முன் நானே படிப்பேன். அவன் வந்தாலும் வராவிட்டாலும் படிப்பேன். கை தட்டிய அதே ஊர் என் வேலையைப் பார்த்துச் சிரித்தால், மேடையை விட்டு இறங்காமல் நின்று கேட்பேன். மறுநாள் தாசில்தார் கச்சேரியில், அந்த நிலத்தில் பாதி பக்கிரிசாமியின் சாகுபடி என்று எழுதிக் கையொப்பமிடுவேன். உங்கள் பெயருக்கு அது இழுக்கு என்று எவரேனும் சொன்னால், நீங்கள் செய்ய எண்ணியிருந்த "பிறகு" இதுதான் என்று பதில் சொல்வேன். அப்படி நீங்கள் எண்ணியிருந்தீர்கள் என்று நம்புவதற்கு என்னை அனுமதியுங்கள்.

அவன் உப்பளத்துக்குப் போவானா, இங்கேயே இருப்பானா, நான் அறியேன். போவதானால், அண்ணனை முதுகில் சுமந்தவன் என்று ஊர் சொல்லக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

உங்கள் துணைவியும்,
இனி அவன் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பக்கிரிசாமியின் அண்ணியுமான
செங்கமலம்