சோற்றுக் கவரின் முடிச்சு

ஜவ்வாது மலை,
வியாழன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, எங்கள் கல்லூரி விடுதிக்குப் பால் ஊற்றும் வடிவின் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒன்றுமில்லை, மாடும் பிழைத்துவிட்டது. மாணவிகள் அதற்கென்று மீதிச் சோற்றை பிளாஸ்டிக் கவரில் கட்டி வெளியே வைப்பார்கள். கவரோடு விழுங்கிவிட்டது. போன வாரம் டாக்டர் வந்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்.

"இன்னாம்மா வார்டன், காலேஜு படிக்கிற புள்ளைங்களுக்கு முடிச்சு அவுக்கத் தெரியாதா?" என்று வடிவு கேட்டாள்.

அன்றைக்குக் கட்டி வைத்தவள் மாணவி ரம்யா என்று எல்லோரும் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அவளே வாசலில் ஒரு தொட்டி வைத்தாள். இப்போது எல்லோரும் அதில்தான் சோற்றைக் கொட்டுகிறார்கள். கடைக்குப் போகத் துணிப்பையும் தைக்கிறார்கள். உங்கள் பழைய நூல் புடவை இரண்டு அனுப்புங்கள். ஒன்றைத் துவைக்க வேண்டாம், அது எனக்கு.

ஆலங்காயம் பஸ் வந்துவிட்டது, இந்தக் கடிதத்தை அதில் கொடுத்தனுப்ப வேண்டும். ரம்யாவைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாத ஒன்று: காக்கை இறைக்காமலிருக்கக் கவரை இறுக்கிக் கட்டச் சொன்னது நான்தான். ரம்யா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று மாலை எல்லோர் முன்னாலும் நானே சொல்லப் போகிறேன்.

உங்கள் மகள்,
கீதாஞ்சலி